வீட்டுக்கு ரெண்டு தெரு முன்னால் விழுந்த ஸ்பீடு சலான்: கட்டுவதா, மறுப்பதா?

பால் வாங்கப் போவதும் அந்த ரோட்டில்தான், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அந்த ரோட்டில்தான். எந்த இடத்தில் பள்ளம், எந்த வளைவில் மாடு படுத்திருக்கும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அங்கே போய் வேகமாக ஓட்டியதாக ஒரு இ-சலான் வந்து நின்றால் கோபம் வரத்தான் செய்யும். ‘ஹைவேயில் 120ல் பறக்கிறவனை விட்டுட்டு, வீட்டுக்குப் போற என்னைப் பிடிச்சிருக்காங்களே’ என்று ஆறாமல் இருக்கும்.

அந்தச் சூட்டில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். என்ன ஏதென்று பார்க்காமல் வந்த லிங்க்கைத் தொட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால், என்ன செய்துவிடுவார்கள் பார்ப்போம் என்று கிடப்பில் போட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான். நடுவில் செய்ய வேண்டிய வேலை அரை மணி நேரத்து வேலை. அதை வரிசையாகச் சொல்கிறோம். இது தமிழ்நாட்டு வண்டிகளுக்கானது. வேக வரம்பு பற்றிச் சொல்லும் எண்கள் சென்னைக்கானவை.

வந்தது நிஜ சலான்தானா?

வாட்ஸ்ஆப்பில் ‘உங்கள் வாகனத்துக்கு அபராதம்’ என்று ஒரு செய்தியும், கூடவே ‘ஆர்டிஓ சலான்’ என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (ஃபோனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) ஒன்றும் வந்தால் சந்தேகமே வேண்டாம், அது திருட்டு. எந்த அரசுத் துறையும் அபராதத்தை ஏபிகே ஃபைலாக அனுப்பாது. அதை இன்ஸ்டால் செய்தால் முதலில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி எல்லாம் அவர்கள் கைக்குப் போகும். தெரியாமல் இன்ஸ்டால் செய்துவிட்டீர்கள் என்றால் உடனே ஃபோனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். வேறொரு ஃபோனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு, அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

செய்தியில் லிங்க் மட்டும் வந்திருந்தாலும் தொடாதீர்கள். பிரவுசரில் நீங்களே இ-சலான் பரிவாஹன் தளத்தின் முகவரியைத் தட்டித் திறங்கள். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் மூன்றில் எதை வைத்தும் தேடலாம். வண்டி எண்ணை வைத்துத் தேடினால் சேசிஸ் எண் அல்லது இன்ஜின் எண்ணில் கடைசி 5 எழுத்துகளைக் கேட்கும். இரண்டும் ஆர்சியில் இருக்கின்றன. பதிவான மொபைலுக்கு ஓடிபி வரும். பட்டியலில் ஒன்றும் இல்லையென்றால் சில நாள் விட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் வந்த செய்தியை அழித்துவிடலாம்.

இதற்கு நேர்மாறாக, செய்தியே வராமல் சலான் மட்டும் ஏறி நிற்பதும் உண்டு. வண்டி வாங்கிய காலத்தில் டீலரே தன் எண்ணைப் போட்டிருப்பார், அல்லது நீங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம் எண் அதில் இருக்கும். ஒரு வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போதுதான் விஷயம் தெரியவரும். வண்டிப் பதிவு விவரங்கள் இருக்கும் அரசின் வாகன் தளத்தில் வண்டி எண், சேசிஸ் எண், இன்ஜின் எண், பதிவுத் தேதி ஆகியவற்றைக் கொடுத்து மொபைல் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். சலான் வந்திருந்தாலும் வராவிட்டாலும் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

முழு விஷயமும் தீர்மானமாவது இந்த இடத்தில்தான். தொகையைப் பார்த்துக் கொதிக்கிறோம், படத்தைப் பார்ப்பதில்லை. தளத்தில் சலானைத் திறந்து, அதோடு வந்திருக்கும் படத்தைத் தரவிறக்கி, ஃபோனில் இல்லாமல் பெரிய திரையில் பாருங்கள்.

கேமரா, ரேடார் போன்ற கருவி பிடித்த குற்றத்துக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167ஏ விதியில் இருக்கிறது. குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும். கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு ஆகியவை இருக்க வேண்டும். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் கூடவே வர வேண்டும். இது முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுக்கு வந்துவிட்டது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். கண்காணிக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இந்த வரிகளைத் தாளில் எழுதிக்கொண்டு உங்கள் சலானோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

முதலில் நம்பர் பிளேட். கேமரா எண்ணைத் தானாகப் படிக்கும்போது 8ஐ ‘பி’ என்றும், சுழியத்தை ‘ஓ’ அல்லது ‘டி’ என்றும், 1ஐ ‘ஐ’ என்றும் எடுத்துக்கொள்ளும். பிளேட்டில் சேறு, ஸ்டைலான எழுத்து, எழுத்தின் மேலேயே அடித்த போல்ட் என்று ஏதாவது இருந்தால் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். படத்தில் இருக்கும் பிளேட்டை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். சலானில் அச்சான எண்ணும் அதுவும் ஒன்றா?

அடுத்தது வண்டி. நிறம், மாடல், முன்பக்க கிராஷ் கார்டு, கண்ணாடி, பின்சீட்டுக் கைப்பிடி, டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கர், புடவை கார்டு, சைடு பாக்ஸ். எண் உங்களுடையதாக இருந்து வண்டி வேறாக இருந்தால், உங்கள் எண்ணை யாரோ தன் வண்டியில் மாட்டி ஓட்டுகிறார் என்று அர்த்தம். அப்படியானால் அபராதத்தைக் காட்டிலும் பெரிய தலைவலி அது. நாளைக்கு அந்த வண்டி ஒரு விபத்திலோ செயின் பறிப்பிலோ சிக்கினால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அன்றே ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் முன், பின், இரு பக்கப் படங்களையும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் படத்தையும் புகாரோடு இணையுங்கள்.

மூன்றாவது, அதே சட்டகத்துக்குள் வேறு வண்டி இருக்கிறதா என்பது. ரேடார் கருவியின் கதிர் விரிந்துகொண்டே போகும். தூரம் கூடக் கூடப் பக்கத்து வண்டியும் அதற்குள் வந்துவிடும். உங்களை முந்திக்கொண்டு போன வேனின் வேகம் உங்கள் கணக்கில் எழுதப்பட வாய்ப்பு இருக்கிறது. லேசர் கன்னின் ஒளி மெல்லியது என்பதால் இந்தக் குழப்பம் அதில் குறைவு. படத்தில் குறுக்குக்கோட்டுக் குறி இருந்தால் அது எந்த வண்டியின் மேல் நிற்கிறது என்று பாருங்கள்.

நான்காவது, நேரமும் இடமும். அந்த நேரத்தில் வண்டி அங்கே இல்லவே இல்லை என்றால் ஃபாஸ்டேக் பதிவு, பார்க்கிங் ரசீது, அபார்ட்மென்ட் சிசிடிவி ஆகியவை கைகொடுக்கும். ஆனால் சிசிடிவியில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டு போகும். நோட்டீஸ் வரவே இரண்டு வாரம் ஆகலாம் என்பதால், சலான் கண்ணில் பட்ட அன்றே செக்யூரிட்டியிடமும் அசோசியேஷன் செக்ரட்டரியிடமும் சொல்லிப் பதிவை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு படங்கள் இருந்து, இரண்டிலும் நேரம் விநாடியின் பின்னம் வரை அச்சாகியிருந்தால் வேகத்தை நீங்களே சரிபார்க்கலாம். முதல் படத்தில் முன்சக்கரம் எந்தக் கோட்டில் நிற்கிறது, இரண்டாவதில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கூட ஒருவரை நிறுத்திக்கொண்டு, ரோட்டில் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே டேப் பிடித்து அளங்கள். 12 மீட்டரை 0.9 விநாடியில் கடந்திருந்தால் விநாடிக்கு 13.3 மீட்டர், அதை 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 48 கிலோமீட்டர். சலானில் 68 என்று இருந்தால் உங்கள் கையில் நல்ல ஆதாரம் இருக்கிறது. 49 என்று இருந்தால் கருவி சரியாகத்தான் அளந்திருக்கிறது. முழு விநாடி மட்டும் அச்சாகியிருக்கும் படத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். 1 விநாடி என்பது கிட்டத்தட்ட 0வும் ஆகலாம், கிட்டத்தட்ட 2வும் ஆகலாம். விடை எங்கோ போய்விடும்.

அந்த ரோட்டில் வரம்பு எவ்வளவு?

கோபம் தணிவதோ வலுப்பதோ இங்கேதான். சென்னையில் 2023 நவம்பர் 4 முதல் நடைமுறைக்கு வந்த வரம்பு இது: கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கு 50, பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிக்குள் எல்லா வண்டிக்கும் 30.

‘48ல்தானே போனேன்’ என்ற ஆதங்கம் பெரும்பாலும் இந்தக் கடைசி எண் தெரியாததால் வருவது. மெயின் ரோட்டில் பைக்குக்கு 48 சரியான வேகம். திரும்பிக் குடியிருப்புக்குள் நுழைந்துவிட்டால் அதே 48 வரம்புக்கு 18 மேல். இன்னொரு குழப்பமும் உண்டு. கார் ஓட்டும்போது மனதில் பதிந்த 60ஐ பைக்குக்கும் வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். பைக்குக்கு 10 குறைவு.

சட்டத்தில் இதற்கு அடிப்படை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 112ஆம் பிரிவு. ஓரிடத்துக்கு வேக வரம்பு வைக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தருகிறது. அறிவிப்பு வெளியிட்டு, உரிய போக்குவரத்துக் குறிகளை நட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே அந்த இடத்துக்கு நேரில் போய், நீங்கள் வந்த திசையிலிருந்தே நடந்து வாருங்கள். சிவப்பு வட்டத்துக்குள் எண் போட்ட பலகை இருக்கிறதா, வேப்பமரக் கிளையோ அரசியல் ஃபிளெக்ஸோ அதை மறைக்கிறதா என்று பார்த்து, தேதி பதியும்படி படம் எடுங்கள். வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது. பலகை இல்லை என்று சொல்வதைக் காட்டிலும், 200 மீட்டர் நடந்து எடுத்த வீடியோவில் பலகையே வரவில்லை என்று காட்டுவது எடுபடும்.

எது எடுபடும், எது எடுபடாது

எடுபடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். இவற்றை நம்பி அலைபவர்கள்தான் அதிகம்.

‘ஓரமாக நின்று சாய்வாகக் கன்னைப் பிடித்தார், அதனால் வேகம் கூடக் காட்டியது.’ நின்ற இடத்திலிருந்து பிடிக்கும் கருவியில் நடப்பது இதற்கு நேர்மாறு. வண்டி வரும் திசைக்கும் கதிருக்கும் நடுவே கோணம் கூடினால் கருவி காட்டும் வேகம் குறையும். 20 பாகைச் சாய்வில் 50ல் போகிற வண்டி 47 என்றுதான் தெரியும். சாய்வு உங்களுக்குச் சாதகமாகவே இருந்திருக்கிறது.

‘என் ஸ்பீடோமீட்டரில் அவ்வளவு காட்டவில்லை.’ பொதுவாக ஸ்பீடோமீட்டரை உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்படி செய்கிறார்கள். அதனால் மீட்டரில் வரம்பைத் தாண்டாத வண்டி ரோட்டிலும் தாண்டியிருக்காது. விதிவிலக்கு, டயரைப் பெரிதாக மாற்றியிருந்தால். வெளிவிட்டம் 5 சதவீதம் கூடியிருந்தால் சக்கரம் ஒரு சுற்றில் 5 சதவீதம் கூடுதல் தூரம் போகும். மீட்டர் கணக்கிட்ட 50 உண்மையில் 52.5. தவறு உங்கள் பக்கம்தான். மீட்டரில் 50 வைத்து, ஃபோனில் ஜிபிஎஸ் வேகத்தை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் பார்க்க வேண்டாம்.

‘எல்லாரும் அதே வேகத்தில்தான் போனார்கள்’, ‘ரோடு காலியாக இருந்தது’, ‘வீடு பக்கத்தில்தான்’ - இவற்றைக் கேட்கிற அதிகாரி அனுதாபப்படலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

எடுபடுபவை: பிளேட் தவறாகப் படிக்கப்பட்டது, வண்டி வேறு, ஒரே நிகழ்வுக்கு இரண்டு சலான், வண்டியை விற்றுப் பெயர் மாற்றிய பிறகு நடந்த குற்றம், வண்டியின் வகைக்குத் தவறான வரம்பு, நோயாளியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனது. கடைசியாகச் சொன்னதில் குற்றம் இல்லாமல் போகாது. ஆனால் நேரம் பொருந்தும் அட்மிஷன் சீட்டைக் காட்டினால் பரிவோடு பார்க்கக் கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. ‘வேகமாகத்தான் வந்தார்’ என்று ஒரே ஒரு சாட்சி தன் கருத்தாகச் சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது; அந்தக் கருத்துக்கு இயந்திர அல்லது மின்னணுக் கருவியின் அளவு ஆதாரமாக இருக்க வேண்டும். ஆகவே கையைக் காட்டி நிறுத்தி ஓவர் ஸ்பீடு என்று சொன்னால், எரிந்து விழாமல், “சார், ரீடிங்கைக் கொஞ்சம் காட்டுங்க சார்” என்று கேளுங்கள். காட்டினால் எண்ணையும் நேரத்தையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கருவியே இல்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம், சலானை வாங்கிக்கொண்டு பிறகு மறுக்கலாம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கையில் கொடுக்காதீர்கள். லைசென்ஸை எடுத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டுதான் உங்கள் லைசென்ஸ்.

கட்டுவதானால்

படம் உங்களுடையது, வேகம் சரி, பலகையும் இருக்கிறது என்றால் கட்டிவிடுங்கள். இலகுரக வாகனத்துக்குச் சட்டப்படி 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. பைக், ஸ்கூட்டருக்கும் 1,000 ரூபாயில்தான் தொடங்குகிறது. நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. பணத்தைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது இரண்டாவது முறை. திரும்பவும் அதே குற்றம் என்றால் லைசென்ஸைப் பறிமுதல் செய்து தகுதிநீக்கத்துக்கு அனுப்பலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் இட்ட அறிவுறுத்தலின்படி, ஓவர் ஸ்பீடுக்கு லைசென்ஸை 3 மாதத்துக்குக் குறையாமல் முடக்கலாம். டாக்ஸி, டெலிவரி, வேன் என்று வண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அந்த 3 மாதம் அடுப்பெரியாத 3 மாதம். 1,000 ரூபாய்தானே என்று அவர்கள் அலட்சியமாக இருக்கவே கூடாது.

கட்டும்போது வழக்கமாக நடக்கும் கோளாறு: வங்கியில் பணம் எடுத்தாகிவிட்டது, தளத்தில் சலான் இன்னும் நிலுவை என்றே காட்டுகிறது. பதறி இரண்டாவது முறை கட்டாதீர்கள். அதே தளத்தில் நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் இடம் இருக்கிறது. சலான் எண்ணைப் போட்டு அங்கே சரிபாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் ஓரிரு நாள் பொறுத்து, பரிவர்த்தனை எண்ணோடு புகார் பதியுங்கள். கட்டி முடிந்ததும் ரசீதை பிடிஎஃபாகச் சேமித்து, தளத்தில் சலான் தீர்ந்ததாக மாறிய திரையையும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாமலேயே விட்டால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். பெயர் மாற்றம், வேறு மாநிலத்துக்கு என்ஓசி (தடையில்லாச் சான்று), எஃப்சி (தகுதிச் சான்று) என்று ஆர்டிஓ பக்கம் போகும்போது அது வந்து குறுக்கே நிற்கும். நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் சம்மனும் வரும்.

மறுப்பதானால்

முக்கியமான ஒன்று: கட்டிவிட்டு மறுக்க முடியாது. சமரசத் தொகை, அதாவது நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்ளும் அபராதம், கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்ததாக அர்த்தம். முதலில் கட்டிவிடுவோம், அப்புறம் பணத்தைத் திருப்பிக் கேட்போம் என்று நினைத்தால் கதவு சாத்தியாகிவிட்டது.

தெளிவான தவறுகளுக்கு, அதாவது வேறு வண்டி, தவறான எண், இரட்டைச் சலான் போன்றவற்றுக்கு, இ-சலான் தளத்திலேயே புகார்ப் பகுதி இருக்கிறது. பெயர், மொபைல், மின்னஞ்சல், மாநிலம், சலான் எண் கொடுத்து, ஆதாரப் படத்தை இணைத்தால் புகார் எண் வரும். கோபத்தை அதில் கொட்டாதீர்கள். படிப்பவருக்கு ஒரே பார்வையில் புரிய வேண்டும். இப்படி எழுதினால் போதும்: “சலானில் உள்ள வாகன எண்ணின் கடைசி இலக்கம் 3. படத்தில் உள்ள வண்டியின் எண்ணில் அந்த இடத்தில் 8 உள்ளது. என் வண்டி வெள்ளை நிற ஸ்கூட்டர். படத்தில் இருப்பது கறுப்பு நிற பைக். என் வண்டியின் 4 படங்களும் ஆர்சி நகலும் இணைத்துள்ளேன். சலானை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.” உண்மை, இணைப்பு, கோரிக்கை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதே கடிதத்தின் நகலைச் சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவிலும் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் சீல் வாங்குங்கள்.

சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (ஆன்லைனிலேயே நடக்கும் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு) போயிருந்தால், அந்தத் தளத்தில் வழக்கைத் தேடி எடுத்ததும் இரண்டு வழி காட்டும்: அபராதத்தைக் கட்டுகிறேன், வழக்கை எதிர்க்கிறேன். இரண்டாவதைத் தொட்டால் வழக்கு எல்லைக்குட்பட்ட சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும், தேதி வரும், நேரில் போக வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. ஆர்சி, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், சலான், படங்களின் அச்சுப்பிரதி, பலகை பற்றிய உங்கள் படங்கள் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்துப் போங்கள். நீதிமன்றம் 2,000 வரை போடலாம் என்பதையும், ஒரு நாள் கூலி போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். நோட்டீஸில் கட்டவோ மறுக்கவோ ஒரு கெடு இருக்கும், அதைத் தாண்டவிடாதீர்கள்.

கருவியின் ஒப்புதல் சான்று, அந்த இடத்தின் வேக வரம்பு அறிவிப்பு, பலகை நட்ட தேதி ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். கெடுவுக்குள் பதில் வராமல் போகலாம் என்பதால், மறுப்பைப் பதிந்துவிட்டு இதையும் பக்கத்திலேயே போட்டுவையுங்கள். ஒரு மனுவில் நாலைந்து கேள்விக்கு மேல் வேண்டாம். ‘ஏன் இப்படி வசூல் செய்கிறீர்கள்’ என்பது தகவல் ஆகாது, அதற்குப் பதிலும் வராது.

ஓட்டியது நீங்கள் இல்லையென்றால்

கேமராவுக்குத் தெரிவது வண்டி மட்டும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி, ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் சொல்வது உரிமையாளரின் கடமை. தம்பியோ டிரைவரோ ஓட்டியிருந்தால் அவர் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் எழுத்தில் கொடுங்கள்.

18 வயது ஆகாத பிள்ளை ஓட்டியிருந்தால் இது 1,000 ரூபாய் விஷயமே இல்லை. 2019இல் சேர்த்த 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ‘கடைக்குத்தானே போறான், இதோ பக்கத்துத் தெரு’ என்று சாவியைக் கொடுக்கும் அம்மா அப்பாக்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

வண்டியை விற்றுவிட்டீர்கள், பெயர் மட்டும் மாறவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் இன்னும் உரிமையாளர். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் படிவம் 29ல் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் படிவம் 30ல் விண்ணப்பிக்க வேண்டும். வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் மாற்றிக்கொள்வார் என்று நம்பியிருக்காதீர்கள். டெலிவரி கொடுத்த தேதி, நேரத்தோடு வாங்கியவரிடம் எழுதி வாங்கிய தாள் இருந்தால் சலானை மறுக்க உதவும்.

அந்தக் கடைசி 2 கிலோமீட்டர்

வேகம் கூடுவது ஏன் வீட்டுப் பக்கத்தில்? இரண்டு காரணம். ஓஎம்ஆரிலோ ஜிஎஸ்டி ரோட்டிலோ அரை மணி நேரம் 60ல் வந்த கண்ணுக்கு 45 என்பது நகராத மாதிரி இருக்கும். அதோடு, பழகிய ரோட்டில் கை தானாக ஓட்டும். மனம் அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அப்படி வரும்போது மீட்டரைப் பார்ப்பதே இல்லை.

இரண்டு கிலோமீட்டரை 50ல் கடக்க 2 நிமிடம் 24 விநாடி, 30ல் கடக்க 4 நிமிடம். மிச்சம் 1 நிமிடம் 36 விநாடி. இப்போது இன்னொரு கணக்கு. நிறுத்தி வைத்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை பந்தோடு ஓடி வருகிறது. பார்த்து, காலோ கையோ பிரேக்குக்குப் போக 1 விநாடி. 30ல் வந்தால் அந்த விநாடியில் 8.3 மீட்டர், காய்ந்த தார் ரோட்டில் நல்ல பிரேக்கில் நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். 50ல் வந்தால் முதல் விநாடியிலேயே 13.9 மீட்டர் போயாகிவிட்டது. முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது வண்டி இன்னும் பிரேக்கே பிடிக்காமல் 50ல் போய்க்கொண்டிருக்கும். 30 என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: மெயின் ரோட்டிலிருந்து திரும்பும் இடத்தில் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் கோயில், மெடிக்கல் ஷாப், டிரான்ஸ்ஃபார்மர், எதுவானாலும் சரி. அதைத் தாண்டும்போது மீட்டரைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர் உள்ள காரில் அங்கேயே இரண்டாம் கியருக்கு இறங்கிவிட்டால் 30க்கு மேல் போகும்போது இன்ஜின் சத்தமே காட்டிக்கொடுக்கும். மூன்றில் வைத்தால் 45 வரை சத்தமில்லாமல் ஏறிவிடும். கார் பீப் அடிக்கும் என்று நம்ப வேண்டாம். 2019 ஜூலையிலிருந்து வரும் கார்களில் உள்ள எச்சரிக்கை 80ல்தான் தொடங்குகிறது. சில கார்களின் மெனுவில் நாமே வைக்கும் வேக எச்சரிக்கை உண்டு; அதை 30க்கு வையுங்கள். மின் ஸ்கூட்டரில் ஈகோ மோடுக்கு மாற்றிவிட்டால் திராட்டில் சட்டென்று தூக்காது.

உங்கள் தெருவில் பலகையே இல்லை, எல்லாரும் பறக்கிறார்கள் என்றால், நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்தோடு மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் மனுக் கொடுங்கள். சென்னையில் மாநகராட்சியின் புகார் எண் 1913லும் பதியலாம். வேகத்தடை கேட்டால் அளவையும் எழுதிக் கேளுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டுதலில், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான மேட்டுக்கு அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். அந்த அகலம் இருந்தால்தான் சக்கரம் ஏறி இறங்கும், தூக்கி அடிக்காது. தெருக்காரர்களே இரவோடு இரவாக சிமெண்ட் கொட்டிப் போடும் ஒரு சாண் மேடு, இருட்டில் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் பெண்ணைக் கீழே தள்ளிவிடும். அதைப் போட விடாதீர்கள். மாநகராட்சி போடும்போதும் வெள்ளைப் பட்டை அடித்து, முன்னால் எச்சரிக்கைப் பலகை நட்ட பிறகுதான் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.